காஞ்சிபுரம் தெரியும்; அந்த ஊர்க் கசடு நெல்லுக்கு உரமாகும் வித்தை தெரியுமா?

ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜப் பெருமாள், கைலாசநாதர் என்று காஞ்சிபுரத்துக் கோயில்களை மூச்சுவிடாமல் சொல்லிவிடுவோம். முகூர்த்தப் பட்டு எடுக்க எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதும் நமக்கு அத்துப்படி. ஆனால் அந்த ஊரின் கழிவறை, சமையலறை, சாயப்பட்டறைகளிலிருந்து நாள்தோறும் வெளியேறும் தண்ணீரும் கசடும் எங்கே போய்ச் சேர்கின்றன? அந்தக் கசட்டை நாற்றமில்லாத கரிய உரமாக்கி, சுற்றுவட்டார வயல்களுக்கே திருப்பி அனுப்ப முடியுமா?

முடியும்! அதற்கு வேண்டியவை கூழாங்கல், ஜல்லி, மணல், நாணல், கூடவே நிறையப் பொறுமை. மனிதர் திட்டமிட்டு உண்டாக்கும் சதுப்பு நிலம் இது. பொறியாளர்கள் இதைக் கட்டமைக்கப்பட்ட ஈரநிலம் என்கிறார்கள். இதைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள வியப்பு கூடிக்கொண்டே போகும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. 1,000 லிட்டர் கசட்டில் எத்தனை கிலோ சரக்கு இருக்கிறது, தெரியுமா?

வெறும் 10 கிலோ! சுத்திகரிப்பு நிலையத்தின் அடியில் தங்கும் கசடு பார்க்கத்தான் கெட்டியான சேறு. உண்மையில் அதில் ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீரை வடித்து, திடப்பொருள் 40 சதவீதம் இருக்கும் அளவுக்கு உலர்த்திவிட்டால், 1,000 லிட்டர் 25 கிலோவாகச் சுருங்கிவிடும். லாரியில் ஏற்றிச் செல்ல வேண்டிய சுமை நாற்பதில் ஒரு பங்குதான்! உலகம் முழுக்கக் கசடு மேலாண்மையில் காசைக் கரைப்பது இந்தத் தண்ணீரைப் பிரிக்கும் வேலைதான். சுழல் எந்திரம், அழுத்த எந்திரம், மின்சாரம், ரசாயனம் என்று நகரங்கள் கொட்டிச் செலவழிக்கின்றன. அதே வேலையை ஒரு புல் வெயிலை மட்டும் நம்பிச் செய்கிறது.

2. நாணல் படுகைக்குள் என்ன நடக்கிறது?

பக்கத்தில் போய்ப் பார்ப்போம். தரையில் ஒரு பெரிய தொட்டி. தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிடாதபடி அடியில் கசியாத விரிப்போ கான்கிரீட்டோ இருக்கும். அதன் மேல் துளையிட்ட வடிகுழாய்கள். குழாய்களின் மேல் பெரிய கற்கள், அவற்றின் மேல் சிறு ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேலே மணல். அந்த மணலில் நாணல் வேர் பிடித்து நிற்கும். மேலிருந்து கசட்டை ஊற்றியதும் அது விரல் கனத்துக்குப் பரவிப் படிகிறது. பில்டரில் காபித்தூள் மேலே தங்கி டிகாக்ஷன் கீழே சொட்டுவது போல, தண்ணீர் கல்லுக்குள் இறங்கி வடிகுழாய்க்கு வந்துவிடுகிறது.

அதிசயம் இனிமேல்தான்! நாணல் இல்லாத வெறும் மணல் படுகையாக இருந்தால், மேலே படிந்த கசடு இறுகிப்போய் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஆள் வைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும். நாணல் நிற்கும் படுகையில் அந்த அடைப்பு விழுவதில்லை. காற்றடிக்கும்போதெல்லாம் தண்டுகள் அசைகின்றன. ஒவ்வொரு தண்டையும் சுற்றிக் கசட்டில் ஒரு சிறு இடைவெளி திறந்துகொள்கிறது. கீழே வேர்கள் புதுப்புது வழி போடுகின்றன. கசடு உயர உயர நாணலும் கணுக்களில் புது வேர் விட்டு மேலே ஏறிக்கொண்டே வருகிறது. பழுதுபார்க்க ஆள் தேவைப்படாத வடிகட்டி இது!

3. புல் தன் வேருக்குக் காற்றைக் குழாய் வழியாக அனுப்பும், தெரியுமா?

சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடையாது. அங்கே வேர் எப்படி மூச்சு விடுகிறது? நாணல், சம்பு, கோரை போன்ற நீர்நிலைத் தாவரங்களின் தண்டுக்குள் காற்றறைகள் ஓடுகின்றன. இலை வழியாக நுழையும் காற்று அந்த அறைகளில் இறங்கி வேர் நுனிவரை போய்ச் சேர்கிறது. வேரிலிருந்து கசியும் அந்தச் சிறிதளவு ஆக்சிஜனைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. சற்றுத் தள்ளி ஆக்சிஜனே இல்லாத பகுதியில் வேறு வகை நுண்ணுயிர்கள். இவை இரண்டும் அக்கம்பக்கத்தில் இருந்து வேலை செய்வதால் கழிவின் கரிமப் பொருள் சிதைகிறது. அம்மோனியாவின் ஒரு பகுதி நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. நாற்றம் அடங்குவதும் இதனால்தான்.

4. பத்து ஆண்டுக்கு ஒருமுறை அள்ளினால் போதும்!

டென்மார்க்கில் ஹெல்சிங்கே என்ற ஊரில் 1996 முதல் 10 நாணல் படுகைகள் இயங்குகின்றன. ஒரு படுகைக்குச் சில நாள் கசடு; பிறகு அதற்குப் பல வார ஓய்வு; அதற்குள் முறை அடுத்த படுகைக்குப் போய்விடும். இப்படியே மாறி மாறி ஊற்றிக்கொண்டு வந்தால், 8 முதல் 12 ஆண்டு வரை ஒரு படுகையை அள்ளவே வேண்டாம். அதற்குள் அங்கே ஆள் இடுப்புயரத்துக்கு மேல் கரிய மண் சேர்ந்திருக்கும். அள்ளிய பிறகு அடியில் மிச்சமிருக்கும் வேர்க்கிழங்கிலிருந்து நாணல் மறுபடி துளிர்க்கும். டென்மார்க் முழுக்கப் பல ஊர்கள் இந்த முறைக்கு மாறி, அந்த மண்ணை வயல்களில் இட்டு வருகின்றன.

5. இந்த அறிவியலுக்கு விதை போட்டவர் ஒரு பெண், தெரியுமா?

ஜெர்மனியின் தாவரவியலாளர் கேத்தே சைடல்! 1950களில் பிளோன் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது, ஏரிக்கரைக் கோரைகள் அழுக்குநீரைச் சுத்தம் செய்வதை அவர் பரிசோதனையாகவே செய்து காட்டினார். சாக்கடைநீரில் செடி செத்துப்போகும் என்று நினைத்த காலம் அது. செடி சாகவில்லை, தண்ணீர்தான் தெளிந்தது! கசட்டைச் செடிப் படுகையில் உலர்த்தும் யோசனையும் அவருடைய ஆய்விலிருந்து கிளைத்ததுதான். பின்னர் ரைன்ஹோல்ட் கிக்குத், செடி வேரைச் சுற்றிய மண்ணிலேயே கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வேர்மண்டல முறையை வளர்த்தெடுத்தார். 1974-இல் ஜெர்மனியின் ஓட்ஃப்ரெசன் என்ற ஊரில் முழு அளவிலான வேர்மண்டல நிலையம் இயங்கத் தொடங்கியது.

6. நம்ம ஊர் வெயில் நமக்குக் கிடைத்த வரம்!

டென்மார்க் படுகைகளில் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 50 முதல் 60 கிலோ உலர்கசடு ஊற்றுகிறார்கள். பாங்காக்குக்குப் பக்கத்தில் உள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகம் 1997-இல் சம்பு நட்ட படுகைகளில் செப்டிக் டேங்க் கசட்டை ஊற்றிச் சோதிக்கத் தொடங்கியது. அங்கே தாங்கிய அளவு சதுர மீட்டருக்கு 250 கிலோ! இரண்டும் வேறுவேறு வகைக் கசடு என்றாலும், வெப்பமண்டல வெயிலும் ஆண்டு முழுக்க வளரும் செடியும் செய்யும் வேலை அபாரம். பனிக்காலத்தில் உறங்கிப்போகும் நாணல் இங்கே உறங்குவதே இல்லை.

கேமரூன் நாட்டின் யவுண்டே நகரில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாடு விரும்பித் தின்னும் ஒரு புல் வகையையே படுகையில் நட்டார்கள். கசடும் காய்ந்தது, தீவனமும் கிடைத்தது!

7. லடாக் குளிரிலும் இது வேலை செய்கிறது, தெரியுமா?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது லே. குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துபோகும். அங்கே 2017-இல், செடி நட்ட உலர்படுகைகளோடு நாளொன்றுக்கு 12,000 லிட்டர் மலக்கசடு கையாளும் நிலையம் திறக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் குவியும் ஊரின் செப்டிக் டேங்குகள் அங்கேதான் காலியாகின்றன.

அதற்கு முன்பே, 2015-இல், பெங்களூரு விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான தேவனஹள்ளி நாட்டுக்கே வழிகாட்டியது. பாதாளச் சாக்கடையே இல்லாத ஊர் அது. நாளைக்கு 6,000 லிட்டர் கசட்டைப் புவியீர்ப்பை மட்டும் நம்பி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடவிட்டுச் சுத்தம் செய்தார்கள். வடிந்த நீர் செடி நட்ட ஜல்லிப் படுகை வழியாகப் போனது. உலர்ந்த கசட்டை ஊரின் மக்கும் குப்பையோடு சேர்த்து எருவாக்கி விவசாயிகளுக்கு விற்றார்கள்.

8. தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு நிலையம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் வந்தது!

எத்தனை பேருக்கு இது தெரியும்? மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கருங்குழி பேரூராட்சியில், 2017-இல், மலக்கசட்டுக்கென்றே தனியாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. நாளைக்குச் சுமார் 23,000 லிட்டர். அதாவது நாலைந்து செப்டிக் டேங்க் லாரிகளின் சுமை. கசட்டை உலர்படுகையில் பரப்பி, வடியும் நீரைத் தனியே சுத்தம் செய்யும் எளிய அமைப்பு. அப்போது கருங்குழி காஞ்சிபுரம் மாவட்டம். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது அதுவும் அங்கே போய்விட்டது.

ஏரி உடையாமல் ராமரும் லட்சுமணரும் காவல் நின்றதாக ஊரே சொல்லும் மதுராந்தகம், அந்த ஏரிக்கு அருகிலேயே லாரிக்காரர்கள் கசட்டைத் திறந்தவெளியில் கொட்டாமல் இருக்க ஒரு வழியைக் கண்டது. 2014-இல் தமிழக அரசு மலக்கசடு மேலாண்மைக்கென்று நெறிமுறைகள் வெளியிட்டது. மத்திய அரசின் தேசியக் கொள்கை வந்ததோ 2017-இல்தான்!

9. வேடந்தாங்கல் விவசாயிகள் பறவைகளைக் காத்தது ஏன், தெரியுமா?

பாசத்தால் மட்டும் இல்லை, நெல்லுக்காகவும்தான்! கடப்ப மரங்களில் கூடு கட்டும் ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. சத்தேறிய அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. உரம் வாங்காமலே விளைச்சல்! 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு 1798 வாக்கில் பாதுகாப்பு உத்தரவே வாங்கினார்கள். ஒரு ஈரநிலம் எச்சத்தை உரமாக்கிக் கழனிக்கு அனுப்பும் என்பதைத் தொண்டை மண்டலத்து உழவர் இருநூறு ஆண்டுக்கு முன்பே நடைமுறையில் தெரிந்துவைத்திருந்தார்கள். 2022-இல் வேடந்தாங்கலுக்கு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது.

10. ஏரிக்கென்றே ஒரு வாரியம், ஆயிரம் ஆண்டுக்கு முன்பு!

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு குடவோலை முறையை விளக்குகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தக் குடவோலையில் தேர்வானவர்களில் ஏரி வாரியத்துக்கான உறுப்பினர்களும் உண்டு! ஏரியைப் பார்த்துக்கொள்வது ஊராட்சியின் தலையாய வேலையாக இருந்தது. கோடையில் ஏரி வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி வயலில் கொட்டும் வழக்கம் நம் தாத்தாக்கள் காலம்வரை நின்றது. அடியில் தங்கியது வயலுக்கு வளம் என்ற புரிதல் நமக்குப் புதிதே இல்லை.

11. 48 நாளில் ஒரு கோடிப் பேர்!

2011 கணக்கெடுப்பின்படி காஞ்சிபுரம் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 1.64 லட்சம். 2021-இல் அது மாநகராட்சியாக உயர்ந்தது. ஆனால் 2019-இல் வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய 48 நாளில் ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்து போனதாகக் கணக்குச் சொன்னார்கள். ஊர் ஜனத்தொகையைப் போல் அறுபது மடங்கு! கோயில் நகரம் என்றால் கழிவறைக் கணக்கை அந்த ஊரில் வாழ்கிறவர்களை மட்டும் வைத்துப் போட முடியாது. திருவிழாவுக்குத் திருவிழா ஏறி இறங்கும் கசட்டைத் தாங்குவதற்கு, படுகைகளின் எண்ணிக்கையை அதற்கேற்பக் கூட்டிக் கட்ட வேண்டும்.

கோயில்களில் நாள்தோறும் சேரும் பூமாலையும் துளசியும் வாழையிலையும் இங்கே கைகொடுக்கும். கசட்டில் தழைச்சத்து அதிகம், கரிமம் போதாது. இலைதழையில் கரிமம் அதிகம். இரண்டையும் சரிவிகிதத்தில் சேர்த்துக் குவித்தால் குவியலுக்குள் சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறும். அந்தச் சூட்டில் நோய்க்கிருமிகள் மடியும்.

12. ஓர் ஊரின் கழிவறையில் எத்தனை மூட்டை யூரியா இருக்கிறது?

இந்தியர் உணவுப் பழக்கத்தை வைத்துப் போட்ட மதிப்பீட்டின்படி, ஒரு மனிதரின் கழிவில் ஆண்டுக்குச் சுமார் 2.7 கிலோ தழைச்சத்தும் 0.4 கிலோ மணிச்சத்தும் வெளியேறுகின்றன. 1.64 லட்சம் பேர் என்றால் ஏறக்குறைய 440 டன் தழைச்சத்து. யூரியாவாகக் கணக்கிட்டால் 45 கிலோ மூட்டையில் 20,000-க்கு மேல்! எல்லாமும் கசட்டில் தங்காது. பெரும்பங்கு சிறுநீரோடு தண்ணீரில் போய்விடும், ஒரு பகுதி காற்றில் கலந்துவிடும். ஆனாலும் மிஞ்சுவது சாதாரணமானதில்லை. அதிலும் மணிச்சத்து! உலகில் பாஸ்பேட் பாறை வளம் அளவோடுதான் இருக்கிறது. நம் நாடு தேவையின் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து காசு கொடுத்து வாங்குகிறது. அதைத்தான் கால்வாயில் விடுகிறோம்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926-லிருந்தே தன் கசட்டை உரமாக்கி மூட்டை போட்டு விற்கிறது. நம் மதுரை அவனியாபுரத்திலும் 1920களிலேயே கழிவுநீர்ப் பண்ணை வந்து, மாட்டுத் தீவனப் புல் வளர்ந்தது.

13. பட்டு நூலின் எடையில் கால் பங்கு தண்ணீரில் கரைந்துபோகும், தெரியுமா?

பட்டுப்புழு கக்கும் இழை இரண்டு புரதங்களால் ஆனது. உள்ளே பளபளக்கும் இழை. அதைச் சுற்றி செரிசின் என்ற பசை. 100 கிலோ கச்சாப் பட்டில் 20 முதல் 25 கிலோ வரை இந்தப் பசைதான்! சாயம் ஏற வேண்டுமென்றால் பசை போக வேண்டும். அதனால் நூற்கட்டுகளைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் முக்கி எடுக்கிறார்கள். ஆவி பறக்கும் பாத்திரம், குறுக்கே கோல், கோலில் தொங்கும் நூற்கட்டைக் கையால் திருப்பித் திருப்பி விடும் சாயக்காரர். பிள்ளையார்பாளையத்துத் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளர் கைக்கு அந்த நூல் வருவதற்கு முன்பே, கால் பங்கு எடை வடிகாலுக்குப் போய்விட்டது.

பசை வெறும் புரதம். நுண்ணுயிர்களுக்கு அது விருந்து! சோடாவின் காரத்தைச் சமன் செய்து, அளவாக அனுப்பினால் ஈரநிலம் அதைச் செரித்துக்கொள்ளும். சிக்கல் அதற்கு அடுத்த பாத்திரத்தில் இருக்கிறது.

14. நாணலுக்கும் முடியாதது ஒன்று உண்டு!

அதுதான் சாயம். சில செயற்கைச் சாயங்களில் குரோமியம் போன்ற உலோகங்கள் இருக்கின்றன. நுண்ணுயிர் எவ்வளவு முயன்றாலும் உலோகத்தைத் தின்ன முடியாது. நாணலும் மிகச் சிறிதளவே உறிஞ்சும். மிச்சமெல்லாம் கசட்டிலேயே தங்கிவிடும். இன்னும் ஆபத்தான விஷயம் கேளுங்கள்: கரிமப் பொருள் மக்கி எடை குறையக் குறைய, ஒரு கிலோ கசட்டில் உலோகத்தின் அளவு ஏறிக்கொண்டே போகும்! சாயத்துக்குப் போடும் உப்பையும் நாணலால் பிடிக்க முடியாது. அது தண்ணீரில் கரைந்து படுகையைத் தாண்டிப் போய்விடும்.

காஞ்சி நகருக்குள் மஞ்சள் நீர்க் கால்வாய் ஓடுகிறது. மழைநீருக்கான அந்த வழியில் வீட்டுக் கழிவும் சாயநீரும் கலந்ததை ஊரே அறியும். ஊரை ஒட்டி ஓடும் வேகவதி ஆறு திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கூடுகிறது. காஞ்சி குடிக்கும் தண்ணீருக்கும் பாலாற்று மணல்தான் ஆதாரம்! சாயக்கழிவு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு திருப்பூரின் நொய்யல் ஆறும் அதன் ஒரத்துப்பாளையம் அணையும் சாட்சி. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது. காஞ்சியில் பட்டறைகள் சிறியவை, அளவு குறைவு. அதனால்தான் இங்கே சாயநீரைத் தனிக்குழாயில் பிரித்துப் பொது நிலையத்தில் சுத்தம் செய்வது சாத்தியம். அதைச் செய்துவிட்டால் வீட்டுக் கசடு வயலுக்குப் போகத் தகுதி பெற்றுவிடும்.

15. சாக்கடைக் கசட்டில் தங்கம் இருந்தது, தெரியுமா?

ஜப்பானின் நகானோ மாகாணத்தில் சுவா என்ற பகுதி. அங்கே கசட்டை எரித்த சாம்பலைச் சோதித்தபோது, ஒரு டன் சாம்பலில் 1,890 கிராம் தங்கம் இருந்ததாக 2009-இல் செய்தி வந்தது. பெரிய தங்கச் சுரங்கங்களின் தாதுவில்கூட அந்த அளவு கிடைக்காது! பக்கத்தில் இருந்த நுண்கருவித் தொழிற்சாலைகள் பயன்படுத்திய தங்கம்தான் கழிவோடு வந்திருக்கிறது. ஓர் ஊர் என்ன தொழில் செய்கிறதோ அதெல்லாம் அதன் கசட்டில் பதிவாகிவிடும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? சுவாவின் கசடு தங்கத்தைக் காட்டியது. பட்டு நகரத்தின் கசடு எதைக் காட்ட வேண்டும் என்பது அந்த ஊர் வடிகாலில் என்னத்தை விடுகிறது என்பதைப் பொறுத்தது.

16. கண்ணுக்குத் தெரியாத முட்டைக்குக் கணக்கு உண்டு!

உருளைப்புழுவின் முட்டை இருக்கிறதே, அது மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கசட்டைப் பச்சையாக வயலில் கொட்டக் கூடாது என்பதற்கு முதல் காரணம் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல், ஒரு கிராம் உலர்கசட்டில் ஒரு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. நாணல் படுகையின் நீண்ட காத்திருப்புக்கு இங்கேதான் மதிப்பு. கடைசியாக ஊற்றிய பிறகு மாதக்கணக்கில் படுகையைச் சும்மா விட்டுவைத்தால், உலர்ச்சியும் வெப்பமும் காலமும் சேர்ந்து முட்டைகளைக் கொல்லும். அதன் பிறகும் ஆய்வகத்தில் சோதித்தே ஆக வேண்டும்.

உலோகத்துக்கும் நம் நாட்டில் வரம்பு இருக்கிறது. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி நகரக் குப்பை எருவில் கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், குரோமியம் 50, ஈயம் 100, பாதரசம் 0.15 மில்லிகிராம், இவற்றைத் தாண்டக் கூடாது. சோதனையில் தேறிய கசட்டையும் பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரிக்கு இடாமல், நெல், கரும்பு, தீவனப்புல், மரக்கன்றுக்கு இடுவதே உத்தமம்.

17. கண் மருத்துவமனைத் தோட்டமும் கொல்கத்தா மீனும்!

புதுச்சேரிக்குப் பக்கத்தில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் தன் கழிவுநீரைச் செடி நட்ட ஜல்லிப் படுகை வழியாகச் சுத்தம் செய்து தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறது. நாளைக்கு இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் தாங்கும் அமைப்பு! கொல்கத்தாவின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் ஈரநிலம் அந்த மாநகரின் சாக்கடைநீரை வாங்கி மீனும் காய்கறியும் நெல்லுமாகத் திருப்பித் தருகிறது. அதன் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருபஜோதி கோஷ் என்ற பொறியாளர். 2002-இல் அது ராம்சர் பட்டியலில் ஏறியது. ஓமன் பாலைவனத்தில் நிம்ர் எண்ணெய் வயலிலோ, எண்ணெயோடு மேலே வரும் நீரைப் பல நூறு ஹெக்டேர் நாணல் படுகைகள் சுத்தம் செய்கின்றன. பாலைவனத்தில் நாணல் காடு!

18. எல்லாவற்றையும்விட முக்கியமானது இது!

பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் தமிழ்நாட்டில் விஷவாயு தாக்கி இறந்தவர்கள் பற்றிய செய்தி நின்றபாடில்லை. கசட்டைக் கொட்ட முறையான இடமும், அதை எடுக்க எந்திரமும் இருந்தால்தான் இந்தச் சாவுகள் நிற்கும். நாணல் படுகை உரத்துக்கான திட்டம் மட்டுமா? மனித உயிருக்கான திட்டமும்தான். செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய 14420 என்ற உதவி எண் இருக்கிறது. உரிமம் பெற்ற லாரிதான் வருகிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று வீட்டுக்காரர் கேட்டே ஆக வேண்டும்.

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகு காஞ்சிபுரத்துக்கு என்ன வேண்டும் என்பது தெளிவு. ஏரி மாவட்டம் என்று பேரெடுத்த மண் இது. வெயிலுக்குக் குறைவில்லை, நாணலுக்குப் பஞ்சமில்லை, எருவுக்குக் காத்திருக்கும் கழனிகள் வாலாஜாபாத்திலும் உத்திரமேரூரிலும் பரந்து கிடக்கின்றன. மூன்று வேலைகள்தான் பாக்கி. சாயநீரை வீட்டுக் கழிவோடு கலக்காமல் தனிக்குழாயில் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு செப்டிக் டேங்க் லாரியும் கால்வாய் ஓரத்தில் காலியாகாமல் நிலையத்துக்கே போய்ச் சேர வேண்டும். படுகையிலிருந்து அள்ளும் ஒவ்வொரு தொகுதி எருவையும் சோதித்து, முடிவைத் தமிழில் அச்சிட்டு மூட்டையோடு விவசாயி கையில் கொடுக்க வேண்டும்.

கசட்டை மண்ணாக்கும் வேலையை நாணல் பார்த்துக்கொள்ளும். அந்த மண்ணில் விஷம் சேராமல் பார்க்கும் வேலை சாயப்பட்டறைக்கும் மாநகராட்சிக்கும் நமக்கும் உரியது. அடுத்த முறை காஞ்சிக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்கள், சேலையின் சரிகையைச் சோதிப்பது போலவே, இந்த நூலுக்குச் சாயம் போட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வாங்குகிறவர் கேட்கத் தொடங்கினால், விற்கிறவர் பதில் தேடத் தொடங்குவார்.